இரண்டு பன்றி செத்ததற்கு மிருக வைத்தியரை அழைக்க வேண்டுமா?

வத்தளைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயரோ சரியான முகவரியோ வெளியே தெரியக்கூடாது என்று கேட்டிருப்பதால் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

கணவரும் கணவரின் தம்பியும் சேர்ந்து 60 பன்றிகள் வளர்க்கிறார்கள். கணக்குவழக்கு இவர் பொறுப்பு. கொழும்பில் சில சாப்பாட்டுக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் மிஞ்சுவதை எடுத்துவந்து, பீப்பாயில் காய்ச்சித் தீனியாகப் போடுகிறார்கள். நத்தாருக்கு விற்பதற்காக வளர்த்த கூட்டில் ஒரு பன்றி இரண்டு நாள் தீனி எடுக்காமல் கிடந்து செத்தது. அதைப் புதைத்துவிட்டார்கள். ஒன்பதாம் நாள் அதே கூட்டில் இன்னொன்று, காதும் அடிவயிறும் சிவந்து, எழும்ப முடியாமல் விழுந்தது. உயிர் போவதற்குள் கணவரின் தம்பி அதை அறுத்துவிட்டார். இறைச்சி வீட்டு ஃப்ரீசரில் இருக்கிறது. இப்போது மூன்றாவது ஒன்று தீனித் தொட்டிப் பக்கமே வருவதில்லை.

தெரிந்த ஒருவர் மூலம், நன்றாக நிற்கிற மூன்று பன்றிகளில் இரத்தம் எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். “நோய் இல்லை” என்று பதில் வந்ததாம். பன்றிக் காய்ச்சலுக்கு ஊசி போட்டிருப்பதால் பயமில்லை என்கிறார் கணவர். இந்த வாரத்துக்குள் எல்லாவற்றையும் விற்றுத் தள்ளிவிடச் சொல்கிறார் தரகர். வெளிநாட்டுத் தடுப்பூசி கைவசம் இருப்பதாக வட்ஸ்அப்பில் ஒருவர் விலை சொல்கிறார். “அறிவித்தால் அரசாங்கம் வந்து எல்லாவற்றையும் கொன்றுவிடும். அறிவிக்காவிட்டால் மிச்சமாவது தப்பும். ஆனால் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிற வீடு. என்ன செய்வது?” என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

இது பத்திரம் பண்ணி ஆறுதலாகப் பதில் எழுதுகிற விஷயமில்லை. அதனால் செய்யவேண்டியதைக் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குச் சுருக்கமாக அனுப்பினேன். இதே நிலையில் வாய் திறக்காமல் இருக்கும் மற்றக் குடும்பங்களுக்கும் சேர்த்து இங்கே விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் பிரதேச செயலகப் பிரிவின் அரச மிருக வைத்தியருக்கு உடனே சொல்லுங்கள். அவர் வந்து பார்க்கும்வரை ஒரு பன்றியும் வெளியே போகவேண்டாம், ஒன்றும் உள்ளே வரவேண்டாம், ஒன்றையும் அறுக்கவேண்டாம். உங்கள் கூட்டில் வேலை செய்கிறவர்கள் வேறு யாருடைய பன்றிக்கூட்டுக்கும் போகாமல் இருக்கட்டும்.

உங்களிடம் வந்திருப்பது, பன்றிகளைக் கொல்லும் வைரஸ் நோயான ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல்தானா என்று கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. நேரில் வந்தாலும் வெறும் கண்ணால் சொல்ல முடியாது. காதும் வயிறும் சிவப்பது பழைய பன்றிக் காய்ச்சலிலும் வரும், ஆபிரிக்கக் காய்ச்சலிலும் வரும், சில பக்டீரியா நோய்களிலும் வரும். இவற்றைப் பிரித்துச் சொல்வது ஆய்வுகூடம்தான். ஆனால் கணவர் நம்பியிருக்கும் ஊசி பழைய பன்றிக் காய்ச்சலுக்கானது. இரண்டு நோய்க்கும் பெயர் ஒன்றுபோல இருந்தாலும் வைரசுகளுக்குள் எந்த உறவும் இல்லை. ஒன்றுக்குப் போட்ட ஊசி மற்றதிலிருந்து துளியும் காக்காது.

ஆபிரிக்கக் காய்ச்சல் இலங்கையில் உறுதியானது 2024 ஒக்டோபரில். மேல் மாகாணத்தில் தொடங்கியது; அந்த ஆண்டு முடிவதற்குள் முழு நாடும் நோய் ஆபத்துள்ள பகுதியாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. புத்தளத்திலிருந்து சிலாபம், நீர்கொழும்பு, ஜா-எல, வத்தளை என்று கரையோரமாக வரும் இந்த நெடுக்கில்தான் நாட்டின் பன்றிப் பண்ணைகள் நெருக்கமாக இருக்கின்றன. நீங்கள் அதன் நடுவில் இருக்கிறீர்கள். அதனால் சந்தேகம் வந்தால் அதுதான் என்று எடுத்துக்கொண்டு நடப்பதே பாதுகாப்பு.

“ஆபிரிக்கக் காய்ச்சல் என்றால் ஒரே இரவில் பட்டியே காலியாகியிருக்குமே, எங்களுக்கு ஒன்பது நாளில் இரண்டுதானே” என்று கேட்டிருக்கிறீர்கள். இது பரவலாக இருக்கிற தவறான எண்ணம். இந்த வைரஸ் கொல்வதில் வேகமானது. பரவுவதில், ஆரம்பத்தில், அவ்வளவு வேகம் கிடையாது. தொற்றிய பிறகு அறிகுறி தெரியவே 4 முதல் 19 நாள் வரை ஆகலாம். முதல் ஒன்றிரண்டு பன்றிகள் ஒரே கூட்டில் சாகும். அவற்றின் இரத்தம், மூக்குநீர், சாணம் பட்ட பக்கத்துப் பன்றிகளுக்குப் போகும். பிறகு அடுத்த கூடு. நீங்கள் எழுதியிருக்கும் வரிசை, ஒரே கூடு, சில நாள் இடைவெளி, அடுத்தது, இது அந்த ஆரம்பக் கட்டத்துக்கு மிகவும் பொருந்துகிறது. நிறையச் சாகட்டும், பிறகு பார்ப்போம் என்று இருந்தால் காப்பாற்றுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

தரகர் சொல்வதைக் கேட்டால்

மலேசியாவில் நடந்ததைச் சொல்கிறேன். 1998 இறுதியில் ஈப்போவுக்குப் பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. நுளம்பால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணி, புகை அடித்தார்கள், ஊசி போட்டார்கள். அதற்குள் பயந்துபோன பண்ணைக்காரர்கள் கிடைத்த விலைக்குப் பன்றிகளைத் தெற்கே விற்றார்கள். அந்த லொறிகளோடு நோயும் நெகிரி செம்பிலானுக்குப் போனது. பிறகுதான் அது நிபா என்ற புதிய வைரஸ் என்று தெரிந்தது. 105 பேர் இறந்தார்கள். 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. மலேசியாவிலிருந்து வந்த பன்றிகளை அறுத்த சிங்கப்பூர்த் தொழிலாளர்களுக்கும் 1999-இல் அது தொற்றியது.

உங்களிடம் இருப்பது நிபா என்று பயமுறுத்த இதை எழுதவில்லை. என்ன நோய் என்று தெரியாமல் விற்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்காக எழுதுகிறேன். உங்கள் பன்றி ஏறும் லொறி அடுத்த நாள் இன்னொருவர் வாசலில் நிற்கும். அங்கேயும் உங்களைப் போலக் கணக்கு எழுதுகிற ஒரு பெண் இருப்பார். தவிர, 1992-ஆம் ஆண்டின் 59-ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின்படி, நோய் சந்தேகமுள்ள விலங்கைப் பற்றி அறிவிப்பது உரிமையாளரின் கடமை. அதை மறைத்து விற்றால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். தரகரின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

மூன்று பன்றியின் இரத்தம் சொல்லாதது

இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பண்ணைக்காரர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

60 பன்றியில் 6-க்குத் தொற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டு 3 பன்றியைப் பிடித்துச் சோதித்தால், அந்த மூன்றும் நோயில்லாதவையாகவே அமைய 72 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதாவது, நோய் உள்ளே இருந்தும் “இல்லை” என்ற பதில் வருவதற்கே சாத்தியம் அதிகம். அந்த 6-இல் ஒன்றாவது அகப்படும் என்று 95 சதவீதம் நம்பிச் சொல்ல வேண்டுமானால் 23 பன்றிகளைச் சோதிக்க வேண்டும். ஒரே ஒரு பன்றிக்கு மட்டும் தொற்று இருந்தால் 57-ஐச் சோதிக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் வேண்டுமென்றே நன்றாக நிற்கிறவற்றைத் தேர்ந்து எடுத்திருக்கிறார்கள். அப்படியானால் அந்தப் பதிலுக்கு இன்னும் மதிப்புக் குறைவு.

இன்னொன்று, என்ன சோதனை என்று நீங்கள் எழுதவில்லை. வைரசையே தேடுகிற பிசிஆர் சோதனையா, உடல் அதற்கு எதிராக உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் சோதனையா? எதிர்ப்புப் பொருள் தொற்றி ஒரு வாரம் பத்து நாள் ஆன பிறகே இரத்தத்தில் தென்படும். பல பன்றிகள் அதற்குள் செத்துவிடும். எந்த நோய்க்கான சோதனை என்பதையும் கேளுங்கள். பழைய பன்றிக் காய்ச்சலுக்குச் சோதித்துவிட்டு “நோய் இல்லை” என்றால், அந்த ஒரு நோய் இல்லை என்பதுதான் பொருள்.

ஆபிரிக்கக் காய்ச்சலைக் கண்டுபிடிக்கச் சிறந்த மாதிரி செத்த பன்றியும் காய்ச்சலில் கிடக்கும் பன்றியுந்தான். உலகம் முழுவதும் இந்த நோயைக் கண்காணிக்கிறவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். உங்கள் மூன்றாவது பன்றி, தொட்டிப் பக்கம் வராதது, ஆரோக்கியமான 23 பன்றிகளைவிட அதிகம் சொல்லும். அதை மிருக வைத்தியர் பார்க்கும்வரை அதே கூட்டில் விடுங்கள். வேறு கூட்டுக்கு மாற்ற வேண்டாம். செத்துவிட்டால் வயிற்றைத் திறக்க வேண்டாம். இரத்தத்தில்தான் வைரஸ் நிரம்பியிருக்கும். ஒரு வெட்டு முழுக் கூட்டையும் நாசமாக்கும். மூடி, ஆட்கள் போகாமல் வைத்திருங்கள்.

ஃப்ரீசரில் இருக்கும் இறைச்சியைத் தூக்கி எறிய வேண்டாம், நாய்க்கும் போட வேண்டாம், யாருக்கும் கொடுக்க வேண்டாம். உறைந்த இறைச்சியில் இந்த வைரஸ் அழிவதில்லை. அதனால் அதையே மாதிரியாக எடுத்துச் சோதிக்க முடியும். அறுத்ததை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். ஏச்சு விழலாம். ஆனால் பேராதனை கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகும் மாதிரிகளில் இதுவும் ஒன்றாக இருந்தால், முடிவு சீக்கிரம் தெளிவாகும்.

வடக் கயிற்றைக் கூட்டில் தொங்கவிட்டு, பன்றிகள் அதைக் கடித்த பின் எச்சிலைப் பிழிந்து சோதிக்கும் முறை பற்றி எங்கோ படித்ததாகக் கேட்டிருக்கிறீர்கள். நல்ல முறை. பருத்திக் கயிறு, பன்றியின் தோள் உயரம், அரை மணி நேரம். ஒரு கூட்டின் பல பன்றிகளுடைய எச்சில் ஒரே தடவையில் கிடைக்கும். குட்டி போடும் பன்றிகளையும் மூச்சையும் தாக்கும் பிஆர்ஆர்எஸ் போன்ற நோய்களைத் தொடர்ந்து கவனிக்கப் பெரிய பண்ணைகள் இதைப் பயன்படுத்துகின்றன. ஆனால் தீனி எடுக்காத நோயாளிப் பன்றி கயிற்றையும் கடிக்காது. உங்களுக்கு இன்று தேவை அதன் இரத்தம்.

பன்னிரண்டு ரூபாய்க் கொப்பி, ஒரு வெப்பமானி

பன்னிரண்டு ரூபாய்க்கு இன்று கொப்பி கிடைக்காது என்று தெரியும். என் சின்ன வயதுப் பேச்சு அது. சொல்ல வந்தது, நோயைக் கண்காணிக்க உங்களுக்குப் பெரிய கருவி வேண்டாம் என்பதே. கணக்கு எழுதுகிற கை உங்களுடையது. இன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். காலையில் எத்தனை நின்றது, எத்தனை தீனிக்கு வரவில்லை, எது செத்தது, எது குட்டி கலைத்தது, அன்று தீனி எந்தக் கடையிலிருந்து வந்தது, யார் வந்தார்கள், எந்த வாகனம் வாசலில் நின்றது. எழுத ஐந்து நிமிடம் போதும்.

சந்தேகமுள்ள கூட்டில் ஆசனவாய் வழியாக வெப்பநிலையும் பாருங்கள். பெரிய பன்றிக்குச் சாதாரணமாக 39 பாகை செல்சியஸ் சுற்றி இருக்கும். 40.5-ஐத் தாண்டினால் அன்றே வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். தோல் சிவப்பதற்கு முன்பே காய்ச்சல் ஏறிவிடும் என்பதால் சில நாள் உங்களுக்கு மிச்சமாகும். நோயுள்ள கூட்டைக் கடைசியாகப் பாருங்கள். அங்கே பாவித்த வெப்பமானியையும் சப்பாத்தையும் மற்றக் கூட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

அதோடு, முதல் பன்றி செத்த நாளிலிருந்து பின்னோக்கி ஒரு மாதத்துக்கு நினைவுபடுத்தி எழுதுங்கள். புதிதாக வாங்கிய பன்றி, இனப்பெருக்கத்துக்கு வந்த ஆண் பன்றி, எடை பார்க்க வந்த தரகர், நீங்கள் விற்றவை போன இடம். நோய் எங்கிருந்து வந்தது, எங்கே போயிருக்கலாம் என்று வைத்தியர் தேடும்போது இந்தப் பக்கம்தான் அவருக்கு வழி காட்டும். யாரையும் காட்டிக்கொடுப்பதாக நினைக்க வேண்டாம். உங்களிடம் பன்றி வாங்கியவருக்கு இதைவிட நல்லது வேறு செய்ய முடியாது.

பீப்பாயும் வட்ஸ்அப் ஊசியும்

ஹோட்டல் மிச்சத்தைப் பற்றி எழுதும்போது உங்கள் வயிற்றுப்பாட்டை நினைத்தே எழுதுகிறேன். தீனி விலைக்கு அது இல்லாமல் கட்டாது என்பது உண்மை. ஆனால் இந்த நோய் 1957-இல் போர்த்துக்கலுக்குள் வந்தது லிஸ்பன் விமான நிலையக் கழிவுணவைத் தின்ற பன்றிகள் வழியாக. 2007-இல் ஜோர்ஜியாவுக்குள் வந்தது கப்பல் கழிவு வழியாக என்று கருதப்படுகிறது. ஒரு பக்கம் கொழும்புத் துறைமுகம், மறு பக்கம் கட்டுநாயக்க விமான நிலையம், நடுவில் உங்கள் கூடு. கப்பல், விமானக் கழிவு எதையும் எவர் தந்தாலும் வாங்க வேண்டாம். மற்றதை, 90 பாகையில் குறைந்தது ஒரு மணி நேரம், விடாமல் கிளறிக் காய்ச்ச வேண்டும். மேலே கொதித்து அடியில் கட்டியாக இருந்தால் காய்ச்சியதாகாது. பச்சைக் கழிவு வந்த வாளியில் காய்ச்சியதை அள்ளினால் அந்த ஒரு மணி நேர விறகும் வீண். இப்போதைக்கு, சோதனை முடிவு வரும்வரை, கழிவுணவை நிறுத்திவிட்டுத் தவிட்டுத் தீனிக்கு மாற முடியுமானால் மாறுங்கள்.

தடுப்பூசி விற்கிறவரை விட்டு விலகுங்கள். வியட்நாம் 2022-இல் தொடங்கி ஆபிரிக்கக் காய்ச்சலுக்கான உயிருள்ள தடுப்பூசிகளுக்கு அனுமதி கொடுத்தது உண்மைதான். ஆனால் தரமற்ற ஊசியால் வரும் ஆபத்தைப் பற்றி உலக விலங்குச் சுகாதார அமைப்பு எச்சரித்திருக்கிறது. உயிருள்ள வைரஸ் உள்ள ஊசியை, ஏற்கனவே நோய் புகுந்திருக்கக்கூடிய கூட்டில், யாரோ பெட்டியில் கொண்டுவந்து போட்டால், நோய் மெதுவாக, மறைவாகச் சுற்றத் தொடங்கலாம். பிறகு அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். இந்த நோய்க்கு மருந்தும் கிடையாது.

பிள்ளைகள்

ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றாது. இதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் காரணம் தெரியாமல் நோயில் விழுந்த பன்றியின் இறைச்சியை வீட்டில் சமைக்கக்கூடாது. வேறு கிருமிகள் இருக்கலாம். கூட்டுச் சேற்றில் வெறுங்காலோடு நடப்பதால் எலிக்காய்ச்சல் வரும் ஆபத்தும் இருக்கிறது. காலில் புண் இருந்தால் இன்னும் அதிகம். பிள்ளைகளின் சுகாதாரப் பதிவேட்டை எடுத்து ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். 1985-86-இல் அநுராதபுரப் பகுதியில், வயல்கள் சூழ்ந்த இடங்களில் பன்றி வளர்ப்புப் பெருகிய பிறகு, அந்த நோய் பெரிதாகக் கிளம்பியது. பன்றியின் உடலில் வைரஸ் பெருகி நுளம்பு வழியாக மனிதருக்கு வரும். 1988-இலிருந்து நாட்டில் அதற்குத் தடுப்பூசி போடப்படுகிறது.

அறிவித்த பிறகு

எல்லாவற்றையும் கொன்றுவிடுவார்களே என்ற பயத்துக்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆபிரிக்கக் காய்ச்சல் என்று உறுதியானால் உங்கள் பண்ணைப் பன்றிகள் அழிக்கப்படலாம். அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் உறுதியானால் அவற்றில் பெரும்பாலானவை எப்படியும் சாகும். நீங்கள் எடை போடுவது 58 பன்றிகளைக் காப்பதா விடுவதா என்பதை அல்ல. வேறு நோய் என்று தெரிந்தால், சிகிச்சையோ ஊசியோ கிடைத்து, நத்தார் விற்பனை கூட மிஞ்சலாம். அறிவிக்காமல் இருந்தால் அந்த வாய்ப்பையும் இழக்கிறீர்கள்.

உங்கள் பக்கத்தைப் பாதுகாத்துக்கொள்ளச் சிலவற்றைச் செய்யுங்கள். அறிவித்த திகதியையும் நேரத்தையும் குறித்து, அதை எழுத்திலும் கொடுங்கள். எதையும் அகற்றுவதற்கு முன் கூடு வாரியாக எண்ணிக்கையும் எடையும் பதியப்பட வேண்டும், படமும் எடுத்துவையுங்கள். பண்ணைப் பதிவு, தீனிப் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். நட்டஈடு பற்றிய கேள்வியை வாய்ப்பேச்சில் விடாமல் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். கமத்தொழில் கமநலக் காப்புறுதிச் சபையிலோ வேறெங்கோ கால்நடைக் காப்புறுதி இருந்தால் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். வங்கிக் கடன் இருந்தால், தவணை தவறுவதற்கு முன்பே போய்ப் பேசுங்கள். சிங்களத்தில் மட்டும் இருக்கும் படிவத்தில் விளங்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. தமிழில் கேட்பது உங்கள் உரிமை.

புதைப்பதைப் பற்றியும் வைத்தியரோடு பேசுங்கள். உங்கள் பகுதியில் முத்துராஜவெல சதுப்பு பக்கம். தோண்டினால் தண்ணீர் வரும். கிணற்றுக்கு அருகிலோ ஓடையிலோ எதையும் போடக்கூடாது. முதல் பன்றியைப் புதைத்த இடத்தையும் காட்டுங்கள். நாய் தோண்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கூடு காலியானால், சாணமும் கொழுப்பும் போகச் சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, பிறகே கிருமிநாசினி அடிக்க வேண்டும். அழுக்கின் மேல் அடித்தால் அது வேலை செய்யாது. பிறகு மிருக வைத்தியர் அனுமதித்தால், வழக்கமான எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கு பன்றிகளை மட்டும் எல்லாக் கூடுகளிலும் பரப்பி விட்டு, 6 வாரம் தினமும் கவனித்து, அவற்றின் இரத்தத்தையும் சோதித்த பின்பே முழுமையாகத் தொடங்குவது நல்லது. அந்த 6 வாரமும் உங்கள் கொப்பியில் ஒரு நாளும் விடுபடாமல் இருக்கட்டும். கணவர் தயங்கினால் இந்தப் பதிலை அவருக்கும் அவர் தம்பிக்கும் வாசித்துக் காட்டுங்கள். வைத்தியரோடு பேசிய பிறகு சோதனை முடிவில் ஏதாவது விளங்காவிட்டால் எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.